மீனைப் பார்ப்பவர்களும் குளத்தைப் பார்ப்பவர்களும்: வளர்ந்த இடம் நம் பார்வையை மாற்றுமா?

படச்சுருள்:
ஒரே காட்சியை இரண்டு நாட்டுக்காரர்கள் பார்த்தால் ஒரே மாதிரிதான் பார்ப்பார்களா? இதைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன். 2001இல் தகஹிகோ மசுடா, ரிச்சர்ட் நிஸ்பெட் என்கிற உளவியலாளர்கள் இருவரும் செய்த சோதனை பலருக்குத் தெரிந்திருக்கும். கியோட்டோ பல்கலைக்கழக மாணவர்களுக்கும் மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர்களுக்கும் தண்ணீருக்கடியில் மீன்கள் நீந்துகிற அசைவூட்டக் காட்சிகளைக் காட்டி, என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். அமெரிக்க மாணவர்கள் பெரிய மீனில் ஆரம்பித்தார்கள், ஜப்பானிய மாணவர்கள் பெரும்பாலும் "குளம் மாதிரி இருந்தது" என்று இடத்தில் ஆரம்பித்தார்கள். பெரிய மீனைப் பற்றி இரண்டு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவுதான் பேசியது. ஆனால் பாசி, கல், தண்ணீரின் நிறம் என்று பின்புலத்தைப் பற்றி ஜப்பானியர்கள் 60 சதவீதத்துக்கும் மேல் அதிகமாகச் சொன்னார்கள். அப்புறம் அதே மீனை வேறு பின்புலத்தில் வைத்து, இதை முன்பு பார்த்தீர்களா என்று கேட்டபோது ஜப்பானியர்கள் தடுமாறினார்கள், அமெரிக்கர்களுக்குப் பின்புலம் மாறியதால் பெரிய பாதிப்பு இல்லை.

நான் கல்யாணப் படங்கள் எடுப்பவன். எதைப் படச்சட்டத்துக்குள் வைப்பது, எதை வெட்டுவது என்பதுதான் எனக்குத் தினமும் வேலை. அதனால் இது எனக்கு வெறும் பொது அறிவுச் செய்தி இல்லை. இந்த முடிவு எவ்வளவு உறுதியானது?

குறுக்குக்கேள்வி:
அந்த ஒரு சோதனையை வைத்துக்கொண்டு "கிழக்கு முழுமையைப் பார்க்கிறது, மேற்கு துண்டுகளைப் பார்க்கிறது" என்று எழுதுகிற கட்டுரைகள் எனக்கு எரிச்சலைத் தருகின்றன. இதில் யாரைச் சோதித்தார்கள்? பல்கலைக்கழக மாணவர்களை. 2005இல் சுவா, போலண்ட், நிஸ்பெட் மூவரும் கண் அசைவைப் பதியும் கருவியை வைத்து, சீன மாணவர்கள் பின்புலத்துக்கு அடிக்கடி கண்ணை நகர்த்துகிறார்கள், அமெரிக்க மாணவர்கள் முக்கியப் பொருளைச் சீக்கிரம் பிடித்து அதிலேயே அதிக நேரம் தங்குகிறார்கள் என்று காட்டினார்கள். ஆனால் 2009இல் எவன்ஸ், ரொட்டெல்லோ, லி, ரெய்னர் குழு அதே மாதிரி சோதனை செய்தபோது அந்த வேறுபாடு வரவில்லை. சீனர்கள், அமெரிக்கர்கள் இருவருமே முக்கியப் பொருளைத்தான் அதிகம் பார்த்தார்கள். கீத் ரெய்னர் சாதாரண ஆள் இல்லை, வாசிக்கும்போது கண் எப்படி நகர்கிறது என்பதைத் தன் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர். அவருக்கே கிடைக்காத வேறுபாட்டை மனித இனத்தின் இயல்பு மாதிரி பேசுவது சரியில்லை.

உளவியல்_மாணவி:
குறுக்குக்கேள்வி சொல்வது சரிதான், அதே சமயம் அதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. 2005 ஆய்வைக் கொஞ்சம் ஊன்றிப் படித்தால் ஒரு விஷயம் தெரியும். ஒவ்வொரு படத்தையும் 3 விநாடி காட்டினார்கள். முதல் 0.3, 0.4 விநாடிக்குள் இரண்டு குழுவுக்கும் வித்தியாசமே இல்லை, அதற்குப் பிறகுதான் பிரிந்தார்கள். அதாவது கண் திறந்தவுடன் நடப்பது எல்லோருக்கும் ஒன்றுதான், அடுத்து கவனத்தை எங்கே அனுப்புவது என்கிற பழக்கம்தான் வேறு.

இதை இன்னும் தெளிவாக்கியது 2014இல் சென்சாகி, மசுடா, இஷீ செய்த வேலை. மீன் காட்சிகளைச் சும்மா பாருங்கள் என்று சொன்னபோது கனடியர்களும் ஜப்பானியர்களும் ஒரே மாதிரிதான் பார்த்தார்கள். பார்த்துவிட்டு ஒரு கதையாகச் சொல்ல வேண்டும் என்று சொன்னதும் கண் அசைவே மாறிவிட்டது: கனடியர்கள் முக்கிய மீன்களிலேயே அதிக நேரம் தங்கினார்கள். என்னைக் கேட்டால் இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது. மற்றவரிடம் சொல்ல வேண்டும் என்கிற நிலை வரும்போது, "எது சொல்லத் தகுந்தது" என்று நம் சமூகம் நமக்குப் பழக்கியிருப்பது கண்ணை இழுத்துக்கொண்டு போகிறது. ரெய்னர் குழுவுக்கு ஏன் வரவில்லை என்பதற்கு இதுவே முழு விடை என்று சொல்ல மாட்டேன், ஆனால் சோதனையில் என்ன வேலை கொடுக்கிறார்கள் என்பதைப் பார்க்காமல் "வந்தது", "வரவில்லை" என்று மட்டும் எண்ணிக்கொண்டிருப்பதில் பயன் இல்லை.

இன்னொன்று, கிதயாமா குழு 2003இல் செய்த சட்டக் கோட்டுச் சோதனை. ஒரு சதுரச் சட்டம், அதன் மேல் விளிம்பிலிருந்து தொங்குகிற ஒரு கோடு. வேறு அளவுள்ள சட்டத்தில் அதே நீளத்தில் கோடு போடு என்றால் அமெரிக்கர்கள் துல்லியமாகப் போட்டார்கள், சட்டத்துக்கு ஏற்ற அதே விகிதத்தில் போடு என்றால் ஜப்பானியர்கள் துல்லியம். ஆனால் அமெரிக்காவில் வாழ்ந்த ஜப்பானியர்களும் ஜப்பானில் வாழ்ந்த அமெரிக்கர்களும் அந்தந்த ஊர்க்காரர்களைப் போலவே செய்தார்கள். இரத்தம், இனம் என்று இதைப் படிக்கிறவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள்.

குறுக்குக்கேள்வி:
அந்தச் சட்டக் கோட்டுச் சோதனையையும் 2008இல் சோ என்பவரின் குழு சீனர்களை வைத்துச் செய்து பார்த்தது, அந்த வேறுபாடு வரவில்லை. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

உளவியல்_மாணவி:
ஆமாம், சேர்த்தே சொல்ல வேண்டும். எனக்கு மறுப்பு இல்லை.

நீலகிரிக்காரன்:
நீங்கள் எல்லோரும் 2001இல் ஆரம்பிக்கிறீர்கள். இந்தக் கேள்வி எங்கள் மலையில் நூறு ஆண்டுக்கு முன்பே கேட்கப்பட்டது, அதைப் பேசாமல் இந்த இழை போகக்கூடாது.

டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் என்கிற கேம்பிரிட்ஜ்காரர் 1898இல் ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே இருக்கும் டோரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போன, மானுடவியலாளர் ஹேடனின் ஆய்வுக்குழுவில் இருந்தார். அங்கே மர்ரி தீவு மக்களிடம் பார்வைச் சோதனைகள் செய்தார். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில், "காட்டு மக்களுக்கு" அபாரமான கண் பார்வை உண்டு, அவர்கள் புலன்களால் வாழ்கிறவர்கள், அதனால்தான் சிந்தனை வளரவில்லை என்று ஒரு பேச்சு இருந்தது. ரிவர்ஸ் அளந்து பார்த்தபோது கண்ணின் கூர்மையில் அப்படி அசாதாரணமாக எதுவும் இல்லை. தூரத்தில் வருகிற படகை அவர்கள் முதலில் கண்டுபிடிக்கிறார்கள் என்றால் அது கவனத்தாலும் பழக்கத்தாலும் வருவது. மாணவி சொன்னதும் இதுதான் அல்லவா, ரிவர்ஸ் அதை அப்போதே பிடித்துவிட்டார்.

அடுத்து 1901-02இல் அவர் வந்தது நீலகிரிக்கு, தோடர்களிடம். தோடர்களின் சமூகம், சடங்கு பற்றிய அவருடைய 1906 புத்தகத்தை எல்லோரும் பேசுவார்கள், ஆனால் அதற்கு முந்தின ஆண்டே தோடர்களின் புலன்களைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை வெளியிட்டார், அதைப் பெரும்பாலோர் படிப்பதில்லை. அதில் முல்லர்-லயர் காட்சிப்பிழை வருகிறது. சம நீளமுள்ள இரண்டு கோடுகள், ஒன்றின் நுனிகளில் அம்புமுனை உள்ளே மடங்கியிருக்கும், இன்னொன்றில் வெளியே விரிந்திருக்கும், வெளியே விரிந்தது நீளமாகத் தெரியும். தோடர்கள் இதில் ஆங்கிலேயர்களைவிடக் குறைவாக ஏமாந்தார்கள். ஆனால் நிற்கிற கோடு படுத்திருக்கிற கோட்டைவிட நீளமாகத் தெரியும் இன்னொரு காட்சிப்பிழை இருக்கிறதே, அதில் அதிகமாக ஏமாந்தார்கள். மர்ரி தீவிலும் இதே போக்குதான். இதன் அழகு என்னவென்றால், ஒன்றில் குறைவு, இன்னொன்றில் அதிகம் என்று வந்ததால் "அவர்களுக்குப் புரியவில்லை", "கவனமாகப் பார்க்கவில்லை" என்று தள்ளிவிட முடியாது.

1966இல் சீகல், கேம்பெல், ஹெர்ஸ்கோவிட்ஸ் மூவரும் ஒரு டஜனுக்கும் மேற்பட்ட சமூகங்களில் இதைச் செய்து, அமெரிக்காவின் எவன்ஸ்டன் ஊர்க்காரர்கள் முல்லர்-லயரில் மிக அதிகமாகவும், தெற்கு ஆப்பிரிக்காவின் கலஹாரி பாலைவனத்துச் சான் மக்கள் ஏறக்குறைய இல்லை என்கிற அளவுக்கும் ஏமாறுவதைக் காட்டினார்கள். தச்சன் செய்த உலகத்தில், அதாவது செங்கோண மூலைகளும் நேர்க்கோடுகளும் நிறைந்த வீடுகளில் வளர்ந்த கண் அந்த அம்புமுனைகளைச் சுவர் மூலையாகப் படிக்கிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். தோடர்களின் பழைய வீட்டைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். பாதிப் பீப்பாயைக் கவிழ்த்து வைத்த மாதிரி மூங்கிலும் பிரம்பும் புல்லும் கொண்டு வளைத்த கூரை, அதுவே தரை வரைக்கும் இறங்கும், குனிந்து தவழ்ந்து போகிற சின்ன வாசல். மந்து என்கிற தோடர் குடியிருப்பைச் சுற்றிப் புல்வெளி. செங்கோணத்துக்கு அங்கே வேலை குறைவு.

பார்வைத்தளம்:
நான் கண் மருத்துவத் துறையில் இருக்கிறேன். நீலகிரிக்காரன் எழுதியதை ரசித்துப் படித்தேன், ஆனால் அந்தத் தச்சு உலக விளக்கத்துக்கு எதிரான பலமான சான்றும் நம் நாட்டிலிருந்தே வந்திருக்கிறது.

பவன் சின்ஹா நடத்துகிற பிரகாஷ் திட்டம் கேள்விப்பட்டிருப்பீர்கள். பிறவிக் கண்புரையால் பார்வையில்லாமல் வளர்ந்த குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து, பார்வை வந்த பிறகு மூளை எப்படிப் பார்க்கக் கற்கிறது என்று ஆராய்கிறார்கள். 2015இல் வெளியான அவர்களின் கட்டுரையில் 8 முதல் 16 வயதுக்குட்பட்ட 9 பிள்ளைகள். பார்வை கிடைத்த உடனேயே முல்லர்-லயரைக் காட்டினார்கள். நம்மைப் போலவே ஏமாந்தார்கள். தண்டவாளம் மாதிரி குவிகிற கோடுகளுக்கு நடுவே சம நீளமுள்ள இரண்டு கோடுகளை வைத்தால் ஒன்று நீளமாகத் தெரியும் பான்சோ காட்சிப்பிழையிலும் அப்படியே. அதுவரைக்கும் ஒரு சுவர் மூலையைக்கூடக் கண்ணால் ஒழுங்காகப் பார்த்திராத பிள்ளைகள். அப்படியானால் அந்தக் காட்சிப்பிழைக்குக் கட்டடங்களைப் பார்த்த அனுபவம் தேவையில்லை என்று ஆகிறது.

டோர்சா அமிர், சாஸ் ஃபயர்ஸ்டோன் இருவரும் 2025இல் இதையெல்லாம் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். விலங்குகளும் முல்லர்-லயரில் ஏமாறுகின்றன, நேர்க்கோடே இல்லாமல் வளைகோடுகளால் வரைந்தாலும் பிழை வருகிறது, பார்வையற்றவர்கள் விரலால் தடவிப் பார்க்கும்போதும் வருகிறது. பழைய ஆய்வுகளில் ஊருக்கு ஊர் சோதனை நடந்த விதமும் ஒரே மாதிரி இல்லை என்கிறார்கள். நோயாளிகளோடு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிற எனக்கு இந்தக் கடைசிக் குறை பெரியதாகத் தெரிகிறது. கேள்வியைக் கேட்கிற விதம் கொஞ்சம் மாறினாலே, மொழிபெயர்ப்பவர் குரலில் ஓர் அழுத்தம் கூடினாலே, விடை மாறிவிடும்.

நீலகிரிக்காரன்:
பிரகாஷ் திட்டத்து முடிவை நானும் மதிக்கிறேன். பிழை பிறவியிலேயே இருக்கலாம். எவ்வளவு ஏமாறுகிறோம் என்கிற அளவு வாழ்கிற இடத்தைப் பொறுத்துக் கூடக் குறைய வாய்ப்பு இல்லையா? அந்தப் பிள்ளைகள் ஏமாந்தார்கள் என்பது முதல் கேள்விக்கு விடை. தோடர்கள் குறைவாக ஏமாந்தார்கள் என்பது இரண்டாவது கேள்வி. இரண்டும் சேர்ந்தே உண்மையாக இருக்கலாம்.

பார்வைத்தளம்:
தர்க்கப்படி இருக்கலாம், ஏற்கிறேன். ஆனால் அந்த இரண்டாவதற்கு இன்றைய தரத்தில் செய்த சான்று வேண்டும்.

உளவியல்_மாணவி:
அளவு மாறுகிறது என்பதற்கு எனக்குத் தெரிந்ததில் நல்ல சான்று ஹிம்பா மக்களிடமிருந்து வந்தது. வடக்கு நமீபியாவில் மாடு வளர்க்கிற சமூகம். எப்பிங்ஹவுஸ் காட்சிப்பிழையில், பெரிய வட்டங்கள் சூழ்ந்த நடு வட்டம் சிறியதாகவும் சின்ன வட்டங்கள் சூழ்ந்த அதே வட்டம் பெரியதாகவும் தெரியும். 2007இல் டி ஃபோக்கர்ட், டேவிடாஃப் குழுவினர் ஹிம்பா மக்கள் இதில் ஆங்கிலேயர்களைவிடக் குறைவாக ஏமாறுவதைக் காட்டினார்கள். அதாவது சுற்றியிருப்பதை ஒதுக்கிவிட்டு நடுவில் இருப்பதை உள்ளபடி பார்க்கிறார்கள்.

இங்கேதான் "கிழக்கு மேற்கு" கதை உடைகிறது. கூட்டு வாழ்க்கை வாழ்கிற மக்கள் சூழலோடு சேர்த்துப் பார்ப்பார்கள் என்பதுதானே அந்தக் கதை? ஹிம்பா மக்கள் நெருக்கமான கூட்டு வாழ்க்கை வாழ்கிறவர்கள், ஆனால் அவர்கள் பார்வை நுணுக்கத்தில் குவிகிறது. 2012இல் கப்பாரோஸ் குழு இன்னும் ஒரு படி போனது: ஓபுவோ என்கிற நகரத்துக்குக் குடிபெயர்ந்த ஹிம்பா மக்களிடம் சோதித்தபோது அவர்கள் பார்வை நகரத்துக்காரர்களின் பக்கம் சாய்ந்திருந்தது. அதே இனம், அதே மொழி, மாறியது கண் முன்னால் கிடக்கிற காட்சிகள். நகரத்தில் ஒரே பார்வைக்குள் எத்தனை பொருட்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன என்று நினைத்துப் பாருங்கள்.

படச்சுருள்:
இது எனக்குப் பெரிய திறப்பு. தெருவே கண்ணைப் பழக்குகிறது என்றால், மியமோட்டோ, நிஸ்பெட், மசுடா 2006இல் செய்ததும் அதே வரிசையில் வருகிறது. நியூயார்க், ஆன் ஆர்பர், செல்சீ என்று பெரிய, நடுத்தர, சின்ன அமெரிக்க ஊர்களையும், அதே மாதிரி டோக்கியோ, ஹிகோனே, தொராஹிமே என்று ஜப்பானிய ஊர்களையும் எடுத்து, பள்ளி, அஞ்சலகம், விடுதி ஆகியவற்றின் முன்னால் நின்று படம் எடுத்தார்கள். ஜப்பானியத் தெருப் படங்களில் பொருட்கள் அதிகம், ஒன்றோடொன்று கலந்து எல்லை தெரியாமல் கிடந்தன. அந்தப் படங்களைக் கொஞ்ச நேரம் பார்க்கவைத்து, பிறகு வேறொரு காட்சியில் என்ன மாறியது என்று கேட்டால், ஜப்பானியத் தெருக்களைப் பார்த்தவர்கள், அவர்கள் அமெரிக்கர்களாகவே இருந்தாலும், பின்புல மாற்றங்களை அதிகம் கண்டுபிடித்தார்கள்.

தி. நகர் ரங்கநாதன் தெருவில் வேலை செய்கிறவன் ஒருநாளில் எத்தனை பெயர்ப்பலகை, எத்தனை தோள்களுக்கு நடுவே எதிரே வருகிற ஆளைப் பிடிக்கிறான். அந்தக் கண்ணுக்கும் தேனி மலையடிவாரத்தில் ஆடு மேய்க்கிறவர் கண்ணுக்கும் பயிற்சி ஒன்றாக இருக்க வாய்ப்பே இல்லை. தமிழர் என்று ஒரே பெட்டியில் போடுவதே தப்பு என்று எனக்குப் படுகிறது.

எட்மண்டன்வாசி:
படச்சுருள், உங்கள் தொழிலுக்கு நேராக ஒன்று இருக்கிறது. மசுடா இப்போது எங்கள் ஊர் அல்பெர்டா பல்கலைக்கழகத்தில்தான் இருக்கிறார். 2008இல் அவரும் கோன்சலெஸ், குவான், நிஸ்பெட் ஆகியோரும் அருங்காட்சியக ஓவியங்களை அளந்தார்கள். கிழக்காசிய உருவ ஓவியங்களில் ஆள் சின்னதாக, சுற்றுப்புறம் பெரிதாக. நிலக்காட்சிகளில் அடிவானக் கோடு மேலே ஏறியிருக்கிறது, அதனால் கீழே நிறைய விஷயங்களை வைக்க இடம் கிடைக்கிறது. பிறகு மாணவர்களிடம் கேமராவைக் கொடுத்து ஒருவரைப் படம் எடுங்கள் என்றபோது அமெரிக்கர்கள் முகத்துக்கு நெருங்கினார்கள், கிழக்காசியர்கள் பின்னால் போய் அறையையும் சேர்த்து எடுத்தார்கள்.

எனக்கு இதைவிட நெருக்கமான விஷயம் குழந்தைகள். 2016இல் வந்த ஆய்வில் கனடிய, ஜப்பானியப் பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளோடு சேர்ந்து காட்சிகளைப் பார்த்துப் பேசினார்கள், ஏழெட்டு வயதுப் பிள்ளைகளின் பேச்சில் பெற்றோரின் கவனப் போக்கு இறங்கியிருந்தது. அதற்கு முன்னாலேயே 1993இல் ஃபெர்னால்ட், மொரிகவா இருவரும் கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்களைக் கவனித்தார்கள். அமெரிக்கத் தாய் பொம்மைக் காரைக் காட்டிப் பெயரைச் சொல்கிறார், சக்கரத்தைக் காட்டுகிறார். ஜப்பானியத் தாய் காரைக் கொடுத்து, திரும்ப வாங்கி, நன்றி சொல்லி, கொடுக்கல் வாங்கல் விளையாட்டாக்குகிறார். இங்கே என் தங்கை தன் பெண்ணிடம் "அம்மாவுக்கு ஒண்ணு, பாட்டிக்கு ஒண்ணு குடு" என்கிறாள், அடுத்த நொடியே பகல் காப்பகத்தில் சொல்லிக்கொடுத்த மாதிரி நிறம், வடிவம், எண்ணிக்கை என்று கேட்கிறாள். குழந்தைக்கு இரண்டும் கிடைக்கிறது. இது இழப்பு என்று சிலர் கவலைப்படுகிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை.

வாய்க்கால்கரை:
புலம்பெயர்ந்த பிள்ளைகள் பற்றி ஒரு சந்தேகம். பெரியவர்கள் பேசும்போது முகத்தை நேருக்கு நேர் உற்றுப் பார்க்காதே என்று நம் வீடுகளில் வளர்க்கிறோம். முகம் பார்ப்பதிலும் இந்த வேறுபாடு உண்டா?

உளவியல்_மாணவி:
உண்டு, 2008இல் பிளே, கால்டரா குழு காட்டினார்கள். மேற்கத்தியர் கண், கண், வாய் என்று முக்கோணமாகச் சுற்றுகிறார்கள், கிழக்காசியர் மூக்கருகில் முகத்தின் நடுவே பார்வையை நிறுத்துகிறார்கள். ஆனால் முகத்தை அடையாளம் காண்பதில் யாரும் யாருக்கும் குறைவில்லை. 2010இல் பார்வையைச் சின்ன வட்டத்துக்குள் அடைத்து, ஓரக்கண்ணால் எதுவும் எடுக்க முடியாமல் செய்தபோது கிழக்காசியரும் கண்களைத் தேடிப் போனார்கள். தேவையான தகவல் இருவருக்கும் ஒன்று, நடுவில் நின்றபடியே அதை எடுக்கிறார்கள், அவ்வளவுதான். பிரிட்டனில் பிறந்த சீனர்களைப் பார்த்தபோது பெரும்பாலோர் கிழக்காசிய முறை, சிலர் மேற்கத்திய முறை. வீடும் தெருவும் இரண்டும் இழுக்கின்றன.

வாய்க்கால்கரை:
நன்றி. அப்படியே ஒன்று, நெல் விளைகிற ஊர்க்காரர்கள் முழுமையாகப் பார்ப்பார்கள், கோதுமை விளைகிற ஊர்க்காரர்கள் பிரித்துப் பார்ப்பார்கள் என்று படித்தேன். எங்கள் டெல்டாவில் குடிமராமத்து என்று ஊரே கூடி வாய்க்கால் தூர்வாருவார்கள், அதனால் மனசுக்கு அது சரி என்று பட்டது.

குறுக்குக்கேள்வி:
தால்ஹெல்ம் 2014இல் சீனாவில் 1,162 ஹான் மாணவர்களிடம் செய்தது அது. அரிசி சாப்பிடுவதால் இல்லை, நீரைப் பகிர்ந்து உழைக்க வேண்டியிருப்பதால் என்பது வாதம். நீங்கள் சொன்ன குடிமராமத்து அந்த வாதத்துக்கு நன்றாகவே பொருந்தும். ஆனால் அங்கே கேட்ட முக்கியக் கேள்வி, ரயில், பேருந்து, தண்டவாளம் மூன்றில் எந்த இரண்டு சேரும் என்பது. ரயிலும் தண்டவாளமும் என்றால் உறவை வைத்துச் சேர்க்கிறீர்கள், ரயிலும் பேருந்தும் என்றால் வகையை வைத்து. அது எண்ணம் பற்றியது, கண் பற்றியது இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பாதி சண்டை நடக்கிறது.

நீலகிரிக்காரன்:
மாணவி, நியாயமான சோதனை ஒன்றை நம் மலையிலேயே செய்வதென்றால் எப்படிச் செய்வீர்கள்?

உளவியல்_மாணவி:
ஒரே வயது, ஒரே அளவு பள்ளிப்படிப்பு உள்ளவர்களாகத் தேர்வு செய்வேன், ஏனென்றால் காகிதத்தில் கோடு பார்த்துப் பழகியதே தனிப் பயிற்சி. விளக்கம் சொல்கிறவர் அதே மொழி பேசுகிறவராக இருக்க வேண்டும், பார்வைத்தளம் சொன்ன காரணத்துக்காக. எப்பிங்ஹவுஸும் முல்லர்-லயரும் இரண்டும் வைப்பேன். அப்புறம் ஒரு காட்சியைச் சும்மா பார்க்கச் சொல்லியும், பார்த்ததை இன்னொருவருக்குச் சொல்லச் சொல்லியும் கண் அசைவைத் தனித்தனியாகப் பதிவேன்.

நீலகிரிக்காரன்:
ஒரு சிக்கல். இன்றைக்குத் தோடர்களில் பெரும்பாலோர் சிமெண்ட் வீடுகளில்தான் இருக்கிறார்கள், வளைந்த கூரை கோயில்களிலும் மிகச் சில வீடுகளிலும்தான் மிச்சம். ரிவர்ஸ் பார்த்த நிலைமை இப்போது இல்லை.

உளவியல்_மாணவி:
அப்படியென்றால் வளைவு வீட்டில் வளர்ந்து பிறகு சிமெண்ட் வீட்டுக்கு மாறிய பெரியவர்களையும், பிறந்ததிலிருந்தே சிமெண்ட் வீட்டில் இருப்பவர்களையும் வைத்துச் செய்யலாம். வயது குறுக்கே வரும், அதனால் ஊட்டி நகரத்திலேயே வளர்ந்த அதே வயதுப் பெரியவர்கள் ஒரு குழுவும் கட்டாயம் வேண்டும்.